உடுப்பில்லாத போர்வீரர்கள்

சென்னை சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கிப் பூங்கா நகர்ப் பக்கம் நடப்பவர்கள் மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடங்களைத் தாண்டித்தான் போகிறார்கள். 1837-இல் கட்டத் தொடங்கிய சென்னை மத்திய சிறை அங்கேதான் இருந்தது. 2006-இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-இல் சிறையை இடித்தார்கள். அதற்கு முன் சில நாள் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கக் கதவைத் திறந்துவிட்டபோது, பிள்ளை குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக வந்து கொட்டடிகளையும் கம்பிகளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். இடம் மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. உயிரைக் காக்கப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த நிலம் போனதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. என் வருத்தம் வேறு.

1943 செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை, ரம்ஜான் மாதம். அன்று விடிகாலையில் அந்தச் சிறையில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், ஃபௌஜா சிங், சத்யேந்திர சந்திர பர்தன். முதல் இருவரும் திருவிதாங்கூர்க்காரர்கள். மூன்றாமவர் பஞ்சாபி, நான்காமவர் வங்காளி. எதிரிக்கு உளவு பார்க்க வந்தார்கள் என்பது அவர்கள் மேல் சுமத்திய குற்றம். எதிரி என்று அரசு சொன்னது ஜப்பானை. தங்களை அனுப்பியதாக அவர்கள் நம்பியது கடல் கடந்த இந்தியர்களின் அமைப்பான இந்திய சுதந்திர லீகை.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் அந்த லீகோடு இணைந்த ஐ.என்.ஏ.வை, இந்திய தேசிய ராணுவத்தைப் படித்தோம். செங்கோட்டை வழக்கு தெரியும். 'டெல்லி சலோ' தெரியும். நேதாஜி ராணுவ உடுப்பில் நின்று சல்யூட் வைக்கும் படம் டீக்கடைச் சுவரில்கூட உண்டு. நம் தலைநகரின் நட்டநடுவில், ரயில் கூவும் தூரத்தில், அதே இயக்கத்துக்காக நான்கு கழுத்துகள் சுருக்கில் மாட்டியதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பினாங்கில் ஒரு பள்ளிக்கூடம்

1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பான் கைக்குப் போனது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவில் இருந்த லட்சக்கணக்கான இந்தியர்கள் சில வாரங்களில் வேறொரு எசமானின் கீழ் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். அந்த ஆண்டு ஜூனில் பாங்காக்கில் மாநாடு கூடியது. ராஷ் பிஹாரி போஸ் தலைமையில் இந்திய சுதந்திர லீக் வலுப்பட்டது. பினாங்கில் வழக்கறிஞராகப் பேர் பெற்றிருந்த என். ராகவன், அங்கே சுவராஜ் இன்ஸ்டிட்யூட் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு சீனாவில் இந்தியத் தூதராக இருந்த அதே ராகவன்தான். புகழ்பெற்ற பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் வகுப்புகள் நடந்தன.

சேர்ந்தவர்கள் இளைஞர்கள். வயர்லெஸ் தட்ட, சங்கேத எழுத்தில் செய்தி எழுத, வரைபடம் படிக்க, கடலில் நீந்தக் கற்றுக்கொடுத்தார்கள். வக்கம் காதருக்கு அப்போது இருபத்தைந்து வயது. திருவிதாங்கூரில் கடலோரத்து வக்கம் கிராமத்தில் 1917 மே 25-இல் பிறந்தவர். பந்தாட்டத்திலும் பாட்டிலும் பிரியம் உள்ளவர் என்று ஊரார் சொல்வார்கள். பிழைப்புத் தேடி 1938-இல் மலாயாவுக்குக் கப்பலேறி, அங்கே பொதுப்பணித் துறையில் வேலையில் அமர்ந்தவர். வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டு நாலு வருஷத்தில் ஊர் திரும்பியிருக்க வேண்டிய பையன். நம் தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்து வீடுகளிலும் அதே காலத்தில் அதே போலப் போன பையன்கள் எத்தனையோ.

அந்த ஆகஸ்டில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 8-ஆம் தேதி பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். மறுநாள் விடிவதற்குள் காந்தி உட்படத் தலைவர்கள் எல்லாரும் கைது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தந்திக் கம்பியை அறுத்தார்கள். கடலுக்கு அப்பால் வானொலிப் பெட்டியருகே உட்கார்ந்திருந்த இளைஞர்களுக்கு ஊருக்கு ஓடிவர வேண்டும் என்ற தவிப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் தவிப்பைத்தான் ஜப்பானியர் பயன்படுத்திக்கொண்டார்கள். ஜப்பான் ராணுவத்தின் கர்னல் இவாகுரோவின் ஆட்கள், லீகின் செயற்குழுவுக்குத் தகவல் சொல்லாமலே பள்ளியிலிருந்து மாணவர்களைக் கூட்டிப்போய் நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றினார்கள். விஷயம் தெரிந்ததும் ராகவன் கொதித்துப் போனார். பிள்ளைகளை என்னை நம்பி அனுப்பியிருக்கிறார்கள், பலி கொடுக்க அல்ல என்ற நிலையில் நின்று, பள்ளியையே இழுத்து மூடினார். லீகுக்கும் ஜப்பானுக்கும் இடையே டிசம்பரில் வெடித்த பெரிய பிளவுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கதவை மூடியபோது பையன்கள் கரையேறி, பிடிபட்டு முடிந்திருந்தது.

தானூர்க் கடற்கரை

செப்டம்பர் 18 அன்று பினாங்கிலிருந்து புறப்பட்ட நீர்மூழ்கி, ஒன்பது நாள் கடலுக்கடியில் ஊர்ந்து 27-ஆம் தேதி இரவு மலபார்க் கடலுக்கு வந்தது. கரைக்கு அருகே வர அதற்கு வழியில்லை. காற்றடைத்த ரப்பர் படகை இறக்கி, காதர், அனந்தன் உட்பட ஐந்து பேரை அதில் ஏற்றிவிட்டு அது திரும்பிப் போனது. துடுப்புப் போட்டு அவர்கள் கரை சேர்ந்த இடம் தானூர். மீன்பிடிக் கிராமம்.

மீனவக் குப்பம் ஒன்றில் விடிகாலையில் அந்நியர் ஒருவர் மணலில் நடந்தால் என்ன ஆகும் என்பது நம் கடற்கரை ஊர்களைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். எந்த வலை யாருடையது, எந்தத் தலைப்பாகை யாருடையது என்று தூரத்திலிருந்தே சொல்கிற ஊர்கள் அவை. அதிலும் 1942. ஏப்ரலில்தான் கொழும்பிலும் திரிகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்டிருந்தது. சென்னை பாதி காலியாயிற்று. அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடும் என்று, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது மலபார் போலீஸ். ஐந்து மாதம் கழித்துத் தானூரில் கரையேறியவர்களைச் சில மணி நேரத்துக்குள் சுற்றி வளைத்ததும் அதே மலபார் போலீஸ்தான். 1921 மாப்பிள்ளைக் கலகத்தை அடக்க உண்டாக்கிய படை அது. ஊரில் புது முகத்தைப் பார்த்தால் என்ன செய்வது என்பதை அந்தப் படைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

வேறொரு குழு குஜராத்தில் ஓகா கடற்கரையில் இறங்கியது. இன்னொன்று பர்மா வழியாகக் காட்டுப் பாதையில் வந்தது. எல்லாக் குழுவும் பிடிபட்டது. 'பினாங்கு இருபதின்மர்' என்று பின்னாளில் அவர்களுக்குப் பேர் வந்தது.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அவர்கள் அனுப்பிய செய்தியால் ஒரு பாலம் தகர்ந்தது, ஒரு படை நகர்ந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சில வாரப் பயிற்சியோடு, ஊரில் வரவேற்க ஆளில்லாமல், அனுப்பியவரே முறையாக அனுப்பாமல் வந்தவர்கள் அவர்கள். உளவுத் தொழிலின் கணக்கில் அது முழுத் தோல்வி. பிறகு எதற்காக அவர்களைக் கொண்டாட வேண்டும்? பிடிபட்ட பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்காக.

சிறைக்குள் ஒரு நீதிமன்றம்

மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அதனால் வழக்கு சென்னைக்கு வந்தது. அவர்கள் காவலில் இருந்தபோதே, 1943 தொடக்கத்தில் வைஸ்ராய் அரசு எதிரி முகவர்கள் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதன்படி தனி நீதிபதி ஒருவர் விசாரிப்பார். தண்டனை மரணம். வழக்கமான மேல்முறையீடு கிடையாது. நீதிபதி ஒருவரின் மறுபரிசீலனை மட்டும் உண்டு. பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து எழுதுகிற நீதிமன்றத்தில் அந்த வழக்கு நடக்கவில்லை. சிறை மதிலுக்குள்ளேயே நடந்தது.

பிடிபட்டதும் பலர் தெரிந்ததைச் சொன்னார்கள். சிலர் அப்ரூவர் ஆனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது, இருபத்தைந்து வயதில் தூக்குக் கயிற்றைக் கண் முன்னால் காட்டினால் யாருக்கு நாக்கு உலராது? ஆனால் அதே கயிற்றைக் காட்டியும் வாய் திறக்காதவர்களும் இருந்தார்கள் என்பதுதான் இந்தக் கதை. ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஐந்து பேருக்குத் தூக்கு. மறுபரிசீலனையில் ஐவரில் ஒருவரான போனிஃபேஸ் பெரேராவின் தலை தப்பியது. மற்ற நால்வருக்கும் தண்டனை உறுதியானது.

தூக்குக்கு முந்தைய நாள் காதர் தன் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கேரளத்தில் அதைப் படிக்காத பழைய தலைமுறைக்காரர் குறைவு. அதில் அரசியல் முழக்கம் இல்லை. தன்னைப் பெற்றவரிடம் விடைபெறுகிறார். தேறிக்கொள்ளும்படி கேட்கிறார். எவ்வளவு அமைதியாக நான் செத்தேன் என்பதைக் கண்ணால் பார்த்த யாராவது என்றைக்காவது உங்களிடம் வந்து சொல்வார்கள், அப்போது பெருமைப்படுவீர்கள் என்ற பொருளில் எழுதுகிறார்.

இந்த ஒரு இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். பத்திரிகையில் வரும் என்று அந்தப் பையன் நம்பவில்லை. சரித்திரம் எழுதும் என்றும் நம்பவில்லை. யாரோ ஒரு வார்டர், யாரோ ஒரு சக கைதி, என்றைக்காவது வக்கம் பக்கம் வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொல்வான் என்று மட்டும் நம்பினான். ஒற்றனுக்கு வாய்க்கிற சரித்திரம் அவ்வளவுதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு இந்துத் தோழனோடு சேர்த்துத் தன்னைத் தூக்கிலிட வேண்டும் என்பது காதரின் கடைசி ஆசை என்றும், அப்படியே அனந்தனோடு மேடையேறினார் என்றும் கேரளத்தில் சொல்கிறார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று நான்கு பேர், ஒரே காலையில், ஒரே சிறையில்.

அடுத்த ஆண்டும் அந்தத் தூக்குமேடை ஓயவில்லை. ஐ.என்.ஏ.வைச் சேர்ந்த ராமநாதபுரத்துக்காரர் ராமு தேவரும் 1944-இல் சென்னையில்தான் தூக்கிலேறினார். அவர் பெயரைத் தென்மாவட்டத்தில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். சிலர்தான்.

வள்ளுவர் சொன்ன எச்சரிக்கை

நால்வரைத் தூக்கிலிட்டு இரண்டே ஆண்டு கழித்து, 1945 நவம்பரில், செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மேலும் வழக்கு. நாடே திரண்டது. பூலாபாய் தேசாய் வாதாடினார். நேரு பல வருஷத்துக்குப் பிறகு வக்கீல் அங்கி மாட்டினார். நாங்கள் சுதந்திர அரசின் முறையான ராணுவம், எங்களுக்குப் போர்வீரனின் உரிமை உண்டு என்பது அங்கே வைத்த வாதம். தண்டனை அறிவித்தும் அதை நிறைவேற்ற அரசுக்குத் துணிவு வரவில்லை. 1946 ஜனவரியில் மூவரும் வெளியே வந்தார்கள்.

சென்னை நால்வருக்கு அந்த வாதம் எடுபட வழியே இல்லை. உடுப்பு போட்டவன் பிடிபட்டால் போர்க்கைதி. வேட்டி கட்டி வந்தவன் பிடிபட்டால் ஒற்றன். போர்ச் சட்டம் உலகம் முழுக்க அப்படித்தான். சட்டம் வைத்த அந்த வேறுபாட்டை நம் நினைவும் அப்படியே எடுத்துக்கொண்டதுதான் அநியாயம். உடுப்பு போட்டவனுக்குச் சிலை வைத்தோம். உடுப்பில்லாமல் வந்தவனை மறந்தோம்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பத்துக் குறளும் ஒற்றரைப் பற்றியவை. அதில் ஓரிடத்தில் வள்ளுவர், மாறுவேடத்தில் போய்ப் புகமுடியாத இடத்தில் புகுந்து ஆராய்ந்து, பிடிபட்டால் என்ன வதைத்தாலும் தளராதவன்தான் ஒற்றன் என்று இலக்கணம் சொல்கிறார். அந்த அளவுகோலில் இந்த நால்வரும் தேறியவர்கள். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஓர் எச்சரிக்கையும் வைக்கிறார்: ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைத்து வைத்ததை நீயே வெளியிட்டவன் ஆவாய். அரசனுக்குச் சொன்ன புத்தி அது. பாதுகாக்க வேண்டிய ரகசியம் உயிரோடு இருக்கும்வரை அது சரி. பினாங்குப் பள்ளியும் இல்லை, அந்தச் சிறையும் இல்லை, அந்த அரசும் இல்லை. இனி மறைத்து வைக்க என்ன இருக்கிறது? எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சிறப்புச் செய்வதற்கு இப்போது வள்ளுவரே தடை சொல்லமாட்டார்.

தமிழ் வாசகர்கள் சிலருக்கு இன்னொரு கேள்வி எழும். எழ வேண்டும். ஜப்பான்காரன் அனுப்பியவர்களைத் தியாகி என்பதா? அதே 1942-இல்தான் ஜப்பானியரின் சயாம் மரண ரயில் பாதைக்கு வேலை தொடங்கியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். அந்தக் கணக்கை எந்தத் தேசபக்தியைச் சொல்லியும் அழிக்க முடியாது. ஆனால் அந்த ரயில் பாதைக்கும் இந்த நால்வருக்கும் முடிச்சுப் போடுவது நியாயமில்லை. அவர்கள் ஏறி வந்தது ஜப்பான் கப்பல். வந்து சேர நினைத்தது தங்கள் ஊருக்கு. ராகவனைப் போன்றவர்கள் ஜப்பானை எதிர்த்து நின்றதும் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

ஒரு ரயில் நிலையத்தின் பெயர்

ஒற்றரை எப்படி நினைவு வைப்பது என்பதற்கு வங்காளத்தில் ஓர் உதாரணம் உண்டு. நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு 1943 டிசம்பரில் இன்னொரு குழு நீர்மூழ்கியில் வந்து மேற்குக் கரையில் இறங்கியது. அவர்களில் சிலர் கல்கத்தா வரை போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ரகசிய வயர்லெஸ் நிலையம் நடத்த உதவியவர்கள் ஹரிதாஸ் மித்ராவும் அவர் மனைவி பேலா மித்ராவும். பேலா நேதாஜியின் உறவுப் பெண். பிடிபட்ட ஹரிதாசுக்கும் பவித்ர மோகன் ராய் உள்ளிட்ட மூவருக்கும் தூக்குத் தண்டனை விழுந்தது. பேலா நேரே காந்தியிடம் போனார். காந்தி வைஸ்ராய் வேவலுக்கு எழுதினார். நால்வரின் உயிரும் தப்பியது.

பிற்காலத்தில் பேலா அகதிகளுக்காக உழைத்து இளம் வயதிலேயே மறைந்தார். ஹவுராவிலிருந்து பர்த்தமான் போகிற கார்டு லைனில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பேலா நகர் என்று பெயர் வைத்தார்கள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பெயரில் டிக்கெட் எடுக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் ஒரு வயர்லெஸ் பெட்டி இருந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பெயர் நிற்கிறது. ஒரு குழந்தை அது யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

நம் சென்னையில், ராயப்பேட்டையில், 2018 ஜனவரி வரை சரஸ்வதி ராஜாமணி என்ற மூதாட்டி வாழ்ந்தார். ரங்கூனில் பிறந்தவர். பதினாறு வயதில் ஆண்பிள்ளை வேடம் போட்டு, 'மணி' என்ற பெயரில் பிரிட்டிஷ் முகாமில் எடுபிடி வேலை செய்து ஐ.என்.ஏ.வுக்குச் செய்தி கடத்தியதையும், பிடிபட்ட தோழியை மீட்டுத் தப்பும்போது காலில் குண்டு பாய்ந்ததையும் பார்க்கப் போனவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் வாயால் சொன்ன வரலாறு அது. உளவு வேலையில் பெரும்பாலும் வாய்மொழிதான் மிஞ்சும். எழுதி வைத்தவன் பிடிபடுவான். கடைசிக் காலத்தில் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதிய பிறகு அரசு வீடு ஒதுக்கியது. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அவர் யாரும் கேட்காத கதையோடு அந்தத் தெருவில் காய்கறி வாங்கிப் போயிருப்பார்? நமக்குப் பக்கத்து வீட்டில் இன்னும் யாராவது அப்படி இருந்து, சொல்லாமலே போயிருப்பார்களா?

செய்ய வேண்டியது

1998-இல் அஞ்சல் துறை காதர், பர்தன், ஃபௌஜா சிங் ஆகியோருக்குத் தபால்தலை வெளியிட்டது. காதரின் ஊர் அவரை மறக்கவில்லை. செப்டம்பர் 10 அங்கே நினைவு நாள். ஆனால் அவர்கள் செத்த ஊர் இது. கேரளமும் வங்காளமும் பஞ்சாபும் அவரவர் பிள்ளையை அவரவர் ஊரில் நினைத்துக்கொள்ளும். நால்வரையும் ஒன்றாக நினைக்க முடிகிற ஒரே இடம் சென்னை.

ஆகவே தமிழக அரசுக்கு ஒரு வேண்டுகோள். மத்திய சிறை இருந்த இடத்தில், சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி ஒரு கல் நடுங்கள். பெரிய மண்டபம் வேண்டாம். நான்கு பெயர், ஒரு தேதி. தமிழிலும் மலையாளத்திலும் பஞ்சாபியிலும் வங்காளத்திலும் எழுதுங்கள். பக்கத்திலேயே ராமு தேவரின் பெயரையும் சேருங்கள். அந்த மேடையில் உயிர்விட்ட மற்ற ஐ.என்.ஏ. வீரர்களின் பெயர்களைச் சிறை ஆவணங்களில் தேடிச் சேர்க்கும் வேலையை எழும்பூர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். பத்தாம் வகுப்புப் பாடத்தில் ஐ.என்.ஏ. வரும் பக்கத்தில் ஒரு பத்தி சேருங்கள்.

மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வகுப்புக்குப் போகும் வழியில்தான் அது நடந்தது. அரசு கல் நட நாளாகலாம். வருகிற செப்டம்பர் 10 காலையில், அந்த வளாகத்தில் நாலு பேர் கூடி நின்று அந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்: அப்துல் காதர், அனந்தன் நாயர், ஃபௌஜா சிங், சத்யேந்திர பர்தன்.